பதினெட்டாம் நாள் சவ்வு

வேலை பார்த்த தையல் ஆலையை மூடியபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. எங்கெங்கோ கேட்டு அலைந்து, கடைசியில் கால்நடைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கிடைத்தது.

"அங்கயும் பாத்திரம்தானா?" என்று பஸ் ஓட்டுநரான கணவர் சீண்டினார்.

"அங்க சம்பளம் தர்றாங்கல்ல" என்று அவர் வாயை அடைத்தாள்.

அங்கே ஒரு பேராசிரியை, மாட்டின் கருவைச் சுற்றி முதல் சவ்வு எப்படி வளர்கிறது, அது தாயின் கருப்பையை எப்படிப் பற்றி நஞ்சுக்கொடியாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சினை ஊசி போட்டுப் பதினெட்டு நாளான பசுக்களின் கருப்பைகள் இறைச்சிக்கூடத்திலிருந்து வரும். உள்ளே உப்புநீரைச் செலுத்தி, வெளிவருவதைச் சல்லடையில் வடித்துத் தேடுவார்கள். நான்கு மாதமாக ஒன்றும் சிக்கவில்லை. "மாடே சினை பிடிக்கலயோ என்னமோ" என்று உதவியாளர் கைவிரித்துவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கழுவ வந்த சல்லடையின் ஓரத்தில் சளிபோல ஏதோ ஒட்டியிருந்தது. குழாயைத் திறக்கப் போனவள் நின்றாள். சளியென்றால் விரலில் இழுபடும். இது மடிந்து கிடந்தது. தட்டில் உப்புநீர் ஊற்றிச் சல்லடையை மெல்ல அமிழ்த்தினாள். சுருண்டிருந்தது தானாகப் பிரிந்தது. ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய குழல். நடுவில் அரிசி நொய்யளவு வெள்ளைப் புள்ளி.

இவர்கள் தேடுவது இதுவாக இருக்குமோ? இதுபோல எத்தனையைத் தேய்த்துக் கழுவியிருப்பாள்! வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தட்டை இரு கையாலும் ஏந்திக்கொண்டு பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

"மேடம், இதுவான்னு பாருங்க. இதுதான்னா, இத்தனை நாளும் நான்தான் கழுவி விட்டிருக்கேன்."

பேராசிரியை நுண்ணோக்கியிலிருந்து வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு சிரித்தார்.

"இத்துனூண்டு கரு. சவ்வு மட்டும் எவ்வளவு தூரம் ஓடியிருக்கு பாருங்க!"

"அப்ப என் வேலை போயிடுமா?"

"அதுல ஒண்ணுமில்லன்னு சல்லடையைக் கழுவ அனுப்புனது நாங்க. இனிமே முதல்ல நீங்க பாருங்க, அப்புறம் நாங்க."

அடுத்த ஆறு மாதத்தில் பதினோரு சவ்வுகள் கிழியாமல் கிடைத்தன. அவளுக்கு ஆய்வக உதவியாளர் பதவியும் வந்தது. முதல்முறையாக சினையாகி ஐந்து வாரமான பசுவின் கருப்பை ஒன்றைத் திறந்தபோது, சவ்வில் பொடிப்பொடி மொட்டுகள் எழும்பித் தாயின் கருப்பைச் சுவரிலிருந்த மேடுகளில் ஒட்டத் தொடங்கியிருந்ததை அவள்தான் கண்டாள்.

"மேடம், பிடிச்சுக்கிச்சு!"

அவள் போட்ட கூச்சலில் பேராசிரியை ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார்.