சத்தம் போன கார்

என் பழைய காருக்கு நானே சத்தத் தடுப்பு செய்த கதையை நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். பூரிக்கட்டை வரும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அத்தோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கப்புறம் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் வாங்கும்போதே இரண்டு பேர் ஓட்டிக் களைத்துப்போன கார் அது. நாற்பதைத் தாண்டினால் காலி டின்னுக்குள் நம்மை உட்காரவைத்து யாரோ உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். உள்ளே பேசினால் ஒன்றும் கேட்காது என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உண்மையில், கொஞ்சம் காதைக் கொடுத்தால் கேட்கும்.

என் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் புதுச்சேரி அரசுக்கு நிலம் நான்கு துண்டாகக் கிடக்கிறது. புதுச்சேரியும் நாங்கள் இருக்கும் காரைக்காலும் இந்தப் பக்கம், மாஹே கேரளக் கரையில், யானம் ஆந்திராவில். பதவி உயர்வு வந்தால் எந்தத் துண்டுக்கு அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால், அம்பகரத்தூர் அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில், நெற்றிக் குங்குமம் காயும் முன்னே அவள் கேட்டாள்.

"ஏங்க, பிரமோஷன் லிஸ்ட்ல என் பேரு வந்திருக்கு. யானம் போட்டிருக்காங்க. ரெண்டு வருஷம். போவட்டுமா?"

ஒரு சொல் விடாமல் கேட்டது. கேட்ட அதே நொடியில் என் காலைக் காப்பியும், டிபன் பாக்ஸும், அப்போது ஆறாவது படித்த மகளின் இரட்டைப் பின்னலும் கண்முன் வந்தன. காதைத் தொட்டுக் காட்டி, "இந்த டப்பாவுல ஒண்ணும் கேக்கல. வீட்டுல போயி பேசிக்கலாம்" என்றேன்.

வீட்டில் போய் நான் கேட்கவில்லை. அவளும் எதையும் இரண்டு முறை கேட்கிற ஆள் இல்லை. அவளுக்குப் பின்னால் வேலையில் சேர்ந்தவர் அவளுக்கு மேலே போனபோது, வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் எனப் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருடம் மகள், டியூஷனுக்குத் தெருமுனையிலேயே இறக்கிவிடச் சொன்னாள். "ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சத்தத்த வச்சே ஒங்கப்பா வராருன்னு சொல்றாங்கப்பா" என்றாள். மானம் போன வேகத்தில், கார் சத்தத்தை அடக்குவது எப்படி என்று வீடியோக்களாகப் பார்த்தேன். அதற்கென்றே விற்கிற ஷீட் என் காரை விட விலை அதிகமாக இருக்கும் போலிருந்தது. மொட்டைமாடி விரிசலுக்கு ஒட்டுகிற தார் டேப்பே போதும் என்று ஒரு புண்ணியவான் சொன்னார். மேலே வெள்ளித்தாள், அடியில் கறுப்புப் பசை.

ஹார்டுவேர் கடைக்காரர், "விரிசல் எத்தன அடி சார்?" என்றார்.

"விரிசல் இல்லிங்க. காருக்கு."

அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். "கார் ஒழுவுதா?"

மனைவியின் விடுமுறை நாளில் வேலையை ஆரம்பித்தோம். கதவின் உள்பலகையைக் கழற்றினேன். கிளிப் ஐந்தில் மூன்றை உடைத்தேன். தகரத்தைத் தட்டினால் வெண்கலப் பானை மாதிரி டங்கென்றது. துரு தேய்த்து, தின்னரால் துடைத்து, டேப்பை ஒட்டினேன். காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்த உருளை வேண்டுமாம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே உருளை பூரிக்கட்டைதான்.

"இனிமே சப்பாத்தி தார் ரோடாட்டம் வரும்" என்றாள் மனைவி. கதவின் அடிவிளிம்பு வரை நான் ஒட்டப்போனபோது கையைப் பிடித்தாள். "அந்த ஓட்டை மழத்தண்ணி வடியறதுக்குங்க. அதையும் அடைச்சா கதவுக்குள்ள மீன் வளக்கலாம்."

தரைக்கு, நான் இரண்டே நாள் யோகா செய்த பாயை வெட்டிப் போட்டோம். சாயங்காலம் தட்டிப் பார்த்தால் தலையணையைத் தட்டின மாதிரி தொம்மென்றது. எல்லாம் பூட்டியபின் நான்கு திருகாணி மிச்சம். அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை பட்டினச்சேரிக்கு மீன் வாங்கக் கிளம்பினோம். கார் ஓடுவதே தெரியவில்லை. அவள் வளையல் குலுங்குவது கேட்டது. நான் ராஜா மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றாள். பிறகு அதே குரலில், "லிஸ்ட் மறுபடி வந்திருக்கு. இந்தத் தடவ மாஹே."

எனக்கு எதற்கும் ஒரு ஜோக் சொல்லியாக வேண்டும். "யானத்துக்கு மாஹே தேவலாம். வாழைக்கா சிப்ஸாவது கெடைக்கும்" என்றேன்.

அவள் மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"யானம்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

ஹாரன் அடித்தேன். ரோட்டில் ஆள், ஆடு எதுவும் இல்லை.

"நா ஒரே ஒரு ஆளுகிட்டதான் சொன்னேன். இதே சீட்டுல ஒக்காந்து."

"கேட்டுச்சு" என்றேன்.

"முழுசாவா?"

"முழுசா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவள் சாலையைப் பார்த்தபடி, "கொஞ்சம் கத்திச் சொல்லியிருக்கலாமோன்னு மூணு வருஷமா நெனைச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

கொஞ்ச தூரம் போனபிறகு, "நீ போ. வீட்ட நான் பாத்துக்கறேன்" என்றேன். பெரிய மனது பண்ணி அனுமதி கொடுக்கிறவன் குரலில் அது வந்து விழுந்தது எனக்கே கேட்டது.

"நா இப்ப ஒங்களக் கேக்கலீங்க. சம்மதம்னு முந்தாநேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன். தகவல்தான் சொன்னேன்."

கரையில் அவள் எப்போதும் போலவே பேரம் பேசினாள். செவுளைத் தூக்கிப் பார்த்து, ஒரு மீனைத் தள்ளி, வேறொன்றை எடுத்தாள். மீன்காரம்மா, "என்ன சார், இன்னைக்கு வாயே தொறக்கல?" என்றதற்கு, "அவருக்குக் காது சரியாயிடுச்சு. அதான்" என்றாள்.

திரும்பும்போது மீன் பையை முன்சீட்டில் வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து பின்னால் உட்கார்ந்தாள். வீடு வரைக்கும் முன்னால் நானும் சங்கரா மீனும்தான்.