கைராசிக்கு ஓர் உராய்வு எண்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். என் தலைமுடியைப் பற்றி மூன்று பேர் கொண்ட ஒரு குழு முன்னால் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அவரை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். ஆனால் நடந்தது அதுதான். அதுவும் நானாகப் போய்ச் சொன்னேன்.

மும்பை மாட்டுங்காவில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறேன். உராய்வு, தேய்மானம், மசகு, இதுதான் பாடம். எங்கள் தாராவிச் சந்தில் ஒரு மாமா என்ன படிக்கிறாய் என்று கேட்டார். தேய்க்கிறதைப் பற்றி என்றேன். நல்ல தொழில்தான், இஸ்திரிக் கடைக்கு இப்போது நல்ல வரும்படி என்றார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் என்ஜினியரிங் என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

உண்மையில் என் வேலையை விளக்குவது சுலபம். ஒரு எஃகுத் தட்டு சுழலும். சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு ஒரு குச்சி, அதைப் பின் என்போம், அதன் மேல் எடைக்கல் வைத்துத் தட்டில் அழுத்தி நிற்கும். ஒரு மணி நேரம் ஓடவிடுவோம். தட்டு குச்சியை எவ்வளவு இழுக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒரு கோடு போட்டுக்கொண்டே வரும். கோடு கீழே கிடந்தால் வழுக்குகிறது, மேலே ஏறினால் பிடிக்கிறது. அந்த உயரத்துக்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்காகத்தான் நாலு வருஷமாகச் சாப்பாட்டு டப்பாவோடு போய் வந்துகொண்டிருந்தேன்.

என் குச்சி நைலானும் கிராஃபைட் பொடியும் கலந்தது. ஏன் அது என்றால், எங்கள் வீட்டுக் கிரைண்டர். அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கல் சுற்றுகிற அச்சைத் தாங்கும் வளையம், புஷ் என்பார்கள், அடிக்கடி தேய்ந்து, காலையில் தெருவையே எழுப்புகிற மாதிரி கீச்சிடும். கிரீஸ் போட்டால் மாவில் இறங்கும். அதனால் எண்ணெயே கேட்காத ஒரு புஷ் செய்ய வேண்டும் என்பது என் ஆராய்ச்சி. எண்ணெயே கேட்காத புஷ். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைப் பார்த்துச் சிரிக்க உதவும்.

எண் வந்தது. சாதாரணமாக வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன், பிரமாதமாக வந்தது. இந்தக் கலவைக்கு எல்லோருக்கும் கிடைக்கிற எண்ணில் மூன்றில் ஒரு பங்கு. ஏழு முறை ஓட்டினேன், ஏழு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்கிற மராட்டிக்காரப் பையன், முப்பது வயதுக்குள் தலை முழுக்க வழுக்கையானவன், என் கையில் ஜாதூ, அதாவது மந்திரம், இருக்கிறது என்று இந்தியில் சொன்னான். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் அதைத் தமிழில் இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்: கைராசி. நான் படித்தவள், கைராசியாவது மண்ணாவது என்று வாயால் சொன்னேன். உள்ளுக்குள் குளிர்ந்து கிடந்தேன்.

ஒரே ஒரு எண் ஒத்துவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து அப்படியே ஆய்வகத்துக்குப் போய் ஓட்டியது. கோடு மலை ஏறியது. நோட்டில் 'ஞாயிறு, மெஷின் சூடாகவில்லை' என்று எழுதி அதை அடித்துவிட்டேன். மெஷினுக்கு என்ன, ஞாயிற்றுக்கிழமை லீவா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அன்று தெரியவில்லை.

என் கைடு செம்பூரில் இருக்கிற பாலக்காட்டுக்கார மேடம். ஆய்வகத்தில் எப்போதும் ஆங்கிலம்தான் பேசுவார், கோபம் வந்தால்தான் தமிழ் வரும். வியாழக்கிழமை என்னுடைய கடைசி மதிப்பீடு. எனக்குக் கொடுத்த காலநீட்டிப்பெல்லாம் தீர்ந்திருந்தது. குழுவுக்குத் திருப்தி இல்லையென்றால் பதிவு ரத்து, நாலு வருஷமும் கோவிந்தா. வெளியிலிருந்து வருகிற பரீட்சகர் பேப்பரை நம்புகிற ஆள் இல்லை, கண்ணெதிரே ஒரு சோதனை ஓட்டிக் காட்டச் சொல்வார் என்று கேள்வி. அதனால் திங்கட்கிழமை மேடம் ஒரு காரியம் செய்தார். என் குச்சியை அந்த வழுக்கைத் தலையனிடம் கொடுத்து, நீயும் ஒருமுறை ஓட்டு என்றார்.

அவனுக்கு வரவில்லை. மூன்று மடங்கு எண். மறுபடியும் ஓட்டினான், அதே மூன்று மடங்கு. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஓட்டினேன், என் அழகான கோடு படுத்துக்கொண்டது. நான் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை.

"நீ பண்ணினா வரும், அவன் பண்ணினா வராதுன்னா அதுக்குப் பேரு ரிசல்ட் இல்லைடீ, மந்திரவாதம். ரெண்டு பேர் கையாலயும் வரணும், கேட்டியா?"

செவ்வாய் முழுக்க நானும் அவனும் சண்டை. தட்டைச் சரியாகத் துடைக்கவில்லை என்றேன். அசிட்டோன் ஊற்றி ஊற்றித் துடைத்துத் தன் விரலே வெளுத்துவிட்டது என்று காட்டினான். எடைக்கல், வேகம், மழைக்கால ஈரப்பதம், எல்லாம் பார்த்தோம். கடைசியில் நான் அவனைச் சோம்பேறி என்றேன். அவன் உடனே, நான் சோதனை ஓட்டுவதை ஆரம்பத்திலிருந்து மொபைலில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினான். வீட்டில் போய்ப் பார், எதில் தப்பு என்று நீயே சொல் என்றான். அவன் தப்பைக் கண்டுபிடிக்கத் தன் வீடியோவைத்தானே அனுப்ப வேண்டும், என்னுடையதை எதற்கு அனுப்புகிறான் என்று அதற்கும் ஒரு கோபம்.

பஸ் சயான் சிக்னலில் நின்றது நின்றபடி இருக்க, வீடியோவைப் பார்த்தேன். வீடியோவில் நான் ரொம்ப ஒழுக்கமான பெண். கையுறை மாட்டுகிறேன். தட்டை அசிட்டோனால் துடைக்கிறேன். குச்சியையும் துடைக்கிறேன். காய விடுகிறேன். காயும்வரை சும்மா நிற்க வேண்டுமே, முன்னால் விழுந்த முடியை விரலால் கோதிக் காதுக்குப் பின்னால் தள்ளுகிறேன். பிறகு, அதே விரலால், அதே கையுறையோடு, குச்சியின் நுனியைப் பிடித்து மெஷினில் மாட்டுகிறேன்.

திருப்பிப் போட்டேன். முடி, காது, குச்சி. இன்னொரு முறை போட்டேன். முடி, காது, குச்சி. கையுறை மாட்டியதால் கை சுத்தம் என்று நாலு வருஷம் நம்பியிருக்கிறேன். கையுறைக்குள்ளே இருந்த கை சுத்தம்தான்.

என் தலையில் தினமும் காலையில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டும். கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். இருபத்தெட்டு வயதாகியும் அம்மாதான் வைத்துவிடுவாள். மாவு வாளிகளை அடுக்கிவிட்டு, கையைக் கழுவி, உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் அடித்துத் தேய்ப்பாள். நான் தினமும் எரிந்து விழுவேன், அவள் தினமும் தேய்ப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஷாம்பு போட்டு அலசல், ஏனென்றால் ஞாயிறு கோயிலுக்கு எண்ணெய்த் தலையோடு போகமாட்டேன். ஞாயிறு! அடித்துவிட்ட அந்த எண் பஸ்ஸுக்குள்ளேயே என் முன்னால் வந்து நின்றது. மெஷின் சூடாகவில்லையாம். அடிப்பாவி.

வழுக்கைத் தலையனுக்கு ஏன் வரவில்லை என்பதும் விளங்கிவிட்டது. பாவம், அவன் கோதுவதற்கு என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலமே இரண்டு முறை ஷாம்பு போட்டு அலசினேன். புதன் காலை அம்மா மாவு கொடுக்கப் போன நேரம் பார்த்து நழுவினேன். ஆய்வகத்தில் யாரும் வருமுன், குச்சியைக் கையால் தொடாமல் இடுக்கியால் பிடித்து மாட்டி ஓட்டினேன். மூன்று மடங்கு எண். பிறகு பையின் அடியில் கிடந்த என் பழைய ஹேர்பேண்டை எடுத்து, விரலால் ஒருமுறை தொட்டு, அந்த விரலால் இன்னொரு குச்சியைத் தொட்டு மாட்டினேன். கோடு சமர்த்தாகப் போய்ப் படுத்துக்கொண்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மூக்கைச் சிந்தி அழுதேன். எண்ணெயே கேட்காத புஷ்!

அழுது முடித்ததும் இன்னொரு எண்ணம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நாளைக்குத் தலையில் எண்ணெயோடு போனால் போதும். பரீட்சகர் கண்ணெதிரே கையுறை மாட்டி, அசிட்டோன் போட்டு, லேசாக முடியைக் கோதி... எண் வந்துவிடும். பட்டமும் வந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக்கூட வேண்டாம், ஒரு துளி எண்ணெயை முடியில் மறைத்தால் போதும். அன்று பகல் முழுக்க அந்த எண்ணத்தோடுதான் இருந்தேன். மேடம் தயாரா என்று கேட்டபோது தயார் என்றேன்.

வியாழன் காலை அம்மா கிண்ணத்தோடு வந்து பின்னால் நின்றாள். அப்போதுதான் முடிவுக்கு வர வேண்டியிருந்தது. வேண்டாம் என்றேன்.

"ஏட்டி, இன்னைக்குப் பெரிய நாளுல்லா. தலை காஞ்சு பரட்டையா போயி நிக்கப் போறியா?"

"எண்ணெய் வச்சிட்டுப் போனா பாஸ் ஆயிருவேம்மா. அதான் வேண்டாங்கேன்."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். படிப்பு மண்டையைக் குழப்பிவிட்டது என்று நினைத்திருப்பாள். கிண்ணத்தை உள்ளே கொண்டு வைத்தாள். அவள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பரீட்சகர் ஏதோ தொழிற்சாலையில் முப்பது வருஷம் பேரிங்குகளோடு மாரடித்த ஆள். எதிர்பார்த்தபடியே ஓட்டிக் காட்டச் சொன்னார். என் முடி விசிறிக் காற்றில் நாலு பக்கமும் பறந்தது. இடுக்கியால் குச்சியை எடுத்து மாட்டினேன். கோடு ஏறியது, ஏறியது, மூன்று மடங்கில் போய் நின்றது. மேடத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, என் பேப்பரில் உள்ள எண் என் பொருளுடைய எண் இல்லை, என் தலையெண்ணெயுடைய எண் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வீடியோவையும் போட்டுக் காட்டினேன். அடித்துவிட்ட ஞாயிற்றுக்கிழமையையும் நோட்டில் திறந்து காட்டினேன். வழுக்கைத் தலையன் வாசலில் நின்று தன் மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

எண்ணெய் போட்டுக் காட்ட முடியுமா என்றார் பரீட்சகர். எண்ணெய்க்கு எங்கே போவது என்று பையில் ஹேர்பேண்டைத் தேடினால், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பாட்டில். இருமல் மருந்து பாட்டில், உள்ளே கறிவேப்பிலை வாசனையோடு எண்ணெய். நான் போகிற வழியில் மனசு மாறி வைத்துக்கொள்வேன் என்று அம்மா போட்டிருக்கிறாள். விரலில் தொட்டுக் குச்சியில் தடவி ஓட்டினேன். கோடு ஒரேயடியாகத் தரையில் விழுந்தது. என் பேப்பர் எண்ணைவிடக் கீழே. இன்னும் குறைவாகத் தொட்டேன், இப்போது மேலே. ஐந்தைந்து நிமிடமாக எட்டு தடவை ஓட்டியும் பழைய எண் வரவேயில்லை.

பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றினார். நீயே அளந்து தொட்டும் எட்டு தடவையும் எட்டு விதமாக வருகிறது, பேப்பரில் ஏழு தடவையும் ஒரே எண் எப்படி வந்தது என்று கேட்டார். தினமும் யார் எண்ணெய் வைப்பது என்றும் கேட்டார். அம்மா என்றேன். அளந்து வைப்பாளா என்றார். கண்ணளவுதான் என்றேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு குழு உள்ளே போய்ப் பேசியது. வெளியே வந்து ஆறு மாதம் கொடுத்தார்கள்: எவ்வளவு குறைந்த எண்ணெய், எவ்வளவு நேரம், இந்த நைலானை வழுக்க வைக்கிறது என்று முறையாக அளந்து எழுது. கிரீஸ்தானே கூடாது, தேங்காய் எண்ணெய் மாவில் பட்டால் யாருக்கு நஷ்டம் என்றார் மேடம், தமிழிலேயே. ஆனால் கோபமாக இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு மசகும் தெரியாது, உராய்வு எண்ணும் தெரியாது. ஆனால் ஏழு தடவை, ஒரே அளவு என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு தரம் கேட்டாள். மாவு வாளியைத் தள்ளி வைத்துவிட்டு, நெற்றியில் வழிந்த வேர்வையை முழங்கையால் துடைத்தாள்.

"அப்ப கைராசி ஒனக்கில்ல. எனக்குத்தான்."

மறுத்துச் சொல்ல என்னிடம் ஓர் அளவீடும் இல்லை. கிண்ணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன்.