படகுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

தோட்டம் கைமாறியதும் முதலில் போனது சித்தப்பா ஓட்டிய லோரிதான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் பழைய ஜப்பான் லோரி. அதன் உடம்பைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். எஞ்சினை மட்டும் கோல சிலாங்கூரில் மீன்பிடிப் படகு வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே, வாங்கிக்கொண்டார். சித்தப்பாவை வாங்கத்தான் ஆள் இல்லை. நாங்கள் குடியிருந்த லயத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

சாமி கதையைவிட அந்த லோரியைச் செய்த ஜப்பான் கம்பெனியின் கதையைத்தான் நான் அதிகம் கேட்டு வளர்ந்தேன். முதலில் கப்பல் கட்டியவர்களாம். பிறகு லோரிக்கு வந்து, ஓர் ஆற்றின் பெயரை வண்டிக்கு வைத்தார்களாம். காரும் செய்து பார்த்து, சரிப்படாமல் போகவே அதைத் தலைமுழுகிவிட்டு, லோரியும் டீசல் எஞ்சினும் போதும் என்று நின்றுகொண்டார்களாம். "அதான் பொழைச்சாங்க லா," என்று முடிப்பார் சித்தப்பா, அவரைக் கேட்டுத்தான் அந்த முடிவையே எடுத்ததுபோல.

அந்த வருட ஆயுத பூசைக்கு லோரி இல்லை. சித்தப்பா விடவில்லை. தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்குப் புறப்பட்டார். எஞ்சினுக்குப் பூசை என்றுதான் என்னிடம் சொன்னார்கள். படகில் எஞ்சின் பார்க்கும் வேலை கேட்கப் போகிறார் என்பது அம்மாவுக்குத் தெரியும். "பொறுமையா பேசுங்க தம்பி," என்று வாசல்வரை வந்து சொன்னார்.

தவுக்கே நல்ல மனிதர். சந்தனம் குங்குமம் வைக்க விட்டார். கற்பூரம் ஏற்றியபோது டீசல் டின்னை மட்டும் தள்ளி வைத்துவிட்டு அவரும் கும்பிட்டார். அதற்குப் பிறகுதான் சிக்கல். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்கினால்தான் பூசை முடியும். படகுக்கு ஏது சக்கரம்? சித்தப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுப் பழத்தைப் படகின் முன்னால் தண்ணீரில் போட்டார். படகு அதன்மேல் ஏறிப் போனது. பழம் முழுசாகப் பின்பக்கம் மிதந்து வந்தது. நான் கைதட்டினேன். நசுங்காத பழம் நல்ல சகுனம் இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? சித்தப்பாவின் முகம் செத்துப்போனது.

அதன் பிறகும் அவர் வேலை கேட்டார். தவுக்கே மலாயில், "என் மகனே பார்த்துக்கொள்கிறான்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு பை நிறைய மீன் கொடுத்தார்.

திரும்பும் வழியில் தஞ்சோங் காராங் வயல்வெளி வரைக்கும் சித்தப்பா வாயே திறக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. பேச வைக்கலாம் என்று அவருக்குப் பிடித்த கதையையே எடுத்தேன்.

"சித்தப்பா, அந்தக் கம்பெனி கார் செய்யறத விட்டுட்டாங்கல்ல? அப்ப கார் செஞ்ச ஆளுங்க எல்லாம் எங்க போனாங்க?"

வண்டியை வாய்க்கால் ஓரம் நிறுத்தினார். இறங்கிப் போய் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே எரிச்சல். மீன் கெட்டுப்போகுமே என்று கரையிலிருந்து கத்திக் கூப்பிட்டேன்.