கர்த்தார் சிங் வளர்க்காத மாடு

நேற்று காலையில் பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். அடுப்பில் வழிந்து தீய்ந்த வாடை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. எல்லாம் கையில் இருந்த பேங்க் கடிதத்தால் வந்தது. மகன் வாங்கிய காருக்கு நான் ஜாமீன். இந்த மாதத் தவணை வரவில்லையாம். அவ்வளவு மரியாதையான ஆங்கிலம்; மிரட்டல் எந்த வரியில் இருக்கிறது என்று நான் தேடி முடிப்பதற்குள் பால் போய்விட்டது. தீய்ந்த பாலும் தவணையும் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்கு ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார்: கர்த்தார் சிங்.

அப்போது மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஸ்டோர் ஆபீஸில் நான் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தாதான், ஆனால் கிராணி என்று சொன்னால் பெண் வீட்டார் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். அந்த மிதப்பில், வட்டிக்கு விடும் கர்த்தார் சிங்கிடம் கடன் வாங்கி ஒரு சைக்கிள் வாங்கினேன். மூன்றாவது மாதம் பாசார் வாசலில் அதை நிறுத்திவிட்டுக் கத்தரிக்காய் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் சைக்கிளைக் காணோம். கத்தரிக்காய் இருந்தது. கடனும் இருந்தது.

கர்த்தார் சிங் சீக்கியர். நாங்கள் எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சம்பள நாளில் ஆபீஸுக்கு எதிரே இருந்த மரத்தடியில் வந்து நிற்பார், அவ்வளவுதான். ஆறடி ஆள், அதற்கு மேல் தலைப்பாகை. எந்த ஜன்னலிலிருந்து பார்த்தாலும் தெரியும். சிலர் பின்வேலி ஏறிக் குதிப்பார்கள். அந்தப் பக்கம் வேறொரு வட்டிக்காரர் நிற்பார்.

உண்மையில் எங்களுக்குப் பயம் பாயிடம் இல்லை, ஆபீஸை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம்தான். கடன்பட்ட கிராணி என்றாவது ஒருநாள் பணப்பெட்டியில் கைவைப்பான் என்பது துரையின் சித்தாந்தம். தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். ரப்பர் விலை விழுந்து கப்பல் கப்பலாக ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிய காலம் அது. போன வேலை மறுபடி கிடைக்காது. கிள்ளானில் அக்கா வீட்டில் போய்ச் சோற்றுக்கு உட்கார வேண்டியதுதான். மாமாவின் முகத்தை நினைத்தாலே எனக்குப் பசி அடங்கிவிடும்.

அந்த அக்காவின் பிரசவத்துக்குப் பணம் அனுப்பியதில்தான் ஒரு மாதம் வட்டி தவறியது. பாய் மரத்தடியை விட்டு நேராக ஆபீஸ் வராந்தாவுக்கே வந்துவிட்டார். துரை என்னை உள்ளே கூப்பிட்டு, மாதாமாதம் உன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறானே, யார் அவன் என்று கேட்டார். அவர் மேஜையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "பால்காரர், சார்" என்றேன்.

துரையின் முகம் மலர்ந்துவிட்டது. டின் பால் டீ துரைசானிக்கு வெறுத்துப்போயிற்றாம். நாளை முதல் பங்களாவுக்கு இரண்டு போத்தல் என்று உத்தரவு.

வெளியே வந்து பாயிடம் சொன்னேன். அவர் மலாயையும் தமிழையும் கலந்து பேசுகிறவர்.

"நான் எங்க பால் விக்கிறேன்? எனக்கு லெம்பு எங்க இருக்கு? மாட்டைக் கண்டாலே எனக்கு ஆகாது, தம்பி!"

"நீங்க வட்டிக்காரர்னு தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவாரு, பாய். அப்புறம் யாருகிட்ட வசூல் பண்ணுவீங்க? மத்தவங்க கடனும் போச்சு. இந்தப் பக்கமே உங்கள விடமாட்டாங்க லா."

தாடியைச் சற்று நேரம் தடவினார். "காலி போத்தல் வாங்கற காசு உன் கணக்கு."

கூலியாட்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் மாடு வைத்திருந்த பெருமாள் அண்ணனிடம் வாங்கி, பங்களாவுக்கு ஊற்றினார். துரை கிளப்புக்குப் போகும் நாட்களில் மிஞ்சிய போத்தல் என் அறைக்கு வரும், விலையோடு. பால் காய்ச்சத் தெரியாத பிரம்மச்சாரி நான். அந்தத் தெருவுக்கே தீய்ந்த வாடை பழகிப்போயிற்று.

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துரைசானிக்கு மாட்டைப் பார்க்க ஆசை வந்தது.

பெருமாள் அண்ணனின் மாட்டை ஒருநாள் இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு போனோம். வாடகை என் கணக்கு. வழியெல்லாம் கயிற்றை நான் பிடித்தேன். பங்களா வாசலில் கௌரவத்துக்காகப் பாய் வாங்கிக்கொண்டார். மாடு அவர் தாடியை முகர்ந்ததுதான் தாமதம், லைன் முழுவதையும் நடுங்கவைத்த மனிதர் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்துத் துரைசானி மாட்டின் பெயரைக் கேட்டாள். பாவம், பாய்க்கு அந்தப் பதற்றத்தில் வந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். மாதாமாதம் கணக்கில் எழுதுகிற பெயர். என் பெயர்.

துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதன்பின் தினமும் காலையில் என்னைப் பார்த்து, இன்றைக்கு நீ கொடுத்த பால் பிரமாதம் என்பார். வேலை பிழைத்தது, மானம்தான் போயிற்று.

பிறகு ஒருநாள் துரை சீமைக்கு லீவில் கிளம்பினார். திரும்பி வரப்போவதில்லை என்றார்கள். ஆறு மாதமாகப் பால் காசு பாக்கி. கேட்டபோதெல்லாம் அடுத்த மாதம் என்று துரைசானி சொல்லியிருக்கிறாள். பாய் வெளுத்த தலைப்பாகை கட்டி ஸ்டேஷனுக்கு வந்தார். மரத்தடியில் நிற்பதுபோலவே பிளாட்பாரத்தில் நின்றார். துரை முதல் வகுப்பு ஜன்னலிலிருந்து அன்பாகக் கையசைத்தார். ரயில் போய்விட்டது.

அந்தப் பாக்கியும் என் தலையில்தான் என்று நினைத்துக்கொண்டேன். பாய் என் பக்கம் திரும்பினார்.

"துரை ஓடிட்டாரு. நீ ஓடலே, தம்பி. இனி வட்டி வேணாம். அசலை மட்டும் குடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடன்காரன் அழுதால் வட்டிக்காரர்கள் நம்பமாட்டார்கள் என்பதால் அடக்கிக்கொண்டேன். அசல் தீர்ந்த அடுத்த சம்பள நாளில் பழக்கதோஷத்தால் மரத்தடியைப் பார்த்தேன். பாய் நின்றிருந்தார், ஆனால் அவர் கண் எனக்குப் பின்னால் வந்தவன் மேல் இருந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

இன்றைக்கு அந்த மரம் இல்லை. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் கடைவீடுகள். பாய் பஞ்சாபுக்குப் போனவர் திரும்பவில்லை. அடுப்பைத் துடைத்துவிட்டுப் பேங்க் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'அன்புள்ள வாடிக்கையாளருக்கு' என்றுதான் தொடங்குகிறது. கடிதத்தில் எங்கேயும் என் பெயர் இல்லை. பாய் ஒரு மாட்டுக்கே என் பெயரை வைத்தார்.