தகரக் கோழிக்கு ஒரு தோசை

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். நாலாம் வகுப்போடு ஏர் பிடிக்க அனுப்பிவிட்டார்கள். எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்பது இன்றுவரை எனக்குத் திண்டாட்டம். படிப்பவர்கள் பிழையைத் திருத்திக்கொண்டு படிக்க வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால் நாலு பேர் முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் பூந்தமல்லிச் சந்தையில் என்னைக் 'கோழி தோசை' என்று கூப்பிடுகிறவர்கள் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். காபி கிளப்பில் கோழிக்கறி கேட்டேனாம். தட்டைத் திருடிக்கொண்டு ஓடினேனாம். இரண்டும் பொய். நடந்ததை எழுதி வைக்கிறேன்.

நாங்கள் கோவில்பதாகையில் பயிர் வைப்பவர்கள். கத்திரிக்காயும் கீரையும் ஏற்றிக்கொண்டு நானும் என் மனைவியும் பூந்தமல்லிக்கு வண்டி கட்டுவோம். சரக்கு போனதும் நேரே வீடு திரும்ப அவளுக்கு மனம் வராது. திருவேற்காடு கோயிலுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மாட்டை அவிழ்த்துவிட்டு எதையாவது வாங்கித் தின்ன வேண்டும். மகளை நெமிலிச்சேரியில் கட்டிக்கொடுத்த பிறகு இந்த ஊர்சுற்றல் அதிகமாகிவிட்டது.

உலகச் சண்டை வருவதற்கு முன்பு, ஜப்பான் தகரப் பொம்மைகள் குவிந்திருந்த காலம். திருவேற்காட்டு ஆடித் திருவிழாவில் அவள் ஒரு தகரக் கோழியை எடுத்தாள். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. வயிற்றில் இருக்கும் சாவியை முறுக்கினால் டக் டக்கென்று தரையைக் கொத்தும்.

"கொயந்தைக்கா தாயி?" என்றான் கடைக்காரன்.

"எனக்குத்தாம்பா. இன்னா, பெரியவங்க ஆடக்கூடாதுன்னு சட்டம் கீதா?"

நான் பக்கத்துக் கடை வளையல்களைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்தக் கோழி அவள் சுருக்குப்பையில் வெற்றிலையோடு வந்தது. ஏரிக்கரையில் சுண்டல் வாங்கினால் முதல் பிடி கோழிக்கு. சாவியை முறுக்கித் தரையில் விடுவாள், அது கொத்தும், பிறகு அவள் அதன் சார்பில் பேசுவாள். "கோயி சொல்லுது, சுண்டல் வேகலையாம்." பனங்கிழங்கு வாங்கினால், "கோயிக்கு நாரு மாட்டிகிச்சாம்." சுண்டல்காரன் அவளைப் பார்க்க மாட்டான், என்னைத்தான் பார்ப்பான். இவ்வளவு வயதில் இப்படி ஒரு பெண்டாட்டியா என்று கேட்கிற பார்வை. நான் மாட்டைப் பார்க்கிற சாக்கில் எழுந்துவிடுவேன்.

தோசை விஷயம்தான் பெரிய தொல்லை. பூந்தமல்லியில் சந்தைக்கு எதிரே ஒரு அய்யர் காபி கிளப் வைத்திருந்தார். இன்னாருக்கு இந்தப் பக்கம், இன்னாருக்கு அந்தப் பக்கம் என்று பிரித்திருப்பார். எங்களவர்களுக்கு அடுப்பை ஒட்டிய பெஞ்சு. பெண்களுக்கு எந்தப் பக்கமும் கிடையாது. அப்படிப் பலகை எதுவும் எழுதி மாட்டவில்லை. ஆனாலும் ஒரு பெண் அந்தப் படி ஏறி நான் பார்த்ததில்லை. நான் உள்ளே நெய் தோசை தின்னும்போது அவள் எதிர்ப்பக்கம் வண்டியில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இலையில் கட்டிக்கொண்டு போவேன். சூட்டில் இலை வேர்த்து, தோசை துவண்டுபோயிருக்கும்.

"இத்தப் போயி மொறுமொறுன்னு சொல்றியே. நனைஞ்ச கோணி மாதிரி கீது."

"உள்ள துன்னா மொறுமொறுன்னுதாம்மே இருந்திச்சி."

"அப்ப என்னியும் உள்ள இட்டுகினு போ."

"அது எப்படிமே..."

"மொதலாளிய ஒரு வார்த்த கேளேன். வாயில இன்னா கொயக்கட்டையா வச்சிருக்கே?"

ஒவ்வொரு சந்தைக்கும் இதே பேச்சு. சென்னீர்குப்பம் தாண்டும்போது தொடங்குவாள், மாட்டை அவிழ்க்கும்போது முடிப்பாள். நானும் ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுவது என்றுதான் போவேன். அய்யர் கல்லாப் பெட்டியடியில் உட்கார்ந்து மூக்குப்பொடியைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பார். நான் "ஒரு காபி" என்பேன்.

ஒருநாள் அவள் சுருக்குப்பையிலிருந்து கோழியை எடுத்து என் கையில் வைத்தாள். "நீ கேக்கமாட்டே. எனக்குப் பதிலா இது போயி குந்திகினு துன்னட்டும். வந்து எனக்குச் சொல்லட்டும்." விளையாட்டா கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. மறுத்தால் ஊர் போய்ச் சேரும்வரை பேசுவாள். எடுத்துக்கொண்டு போனேன்.

ஓரமாக வைத்து மேல்துண்டால் மறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் சாவியை முறுக்கித்தான் கொடுத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. பரிமாறுகிறவன் தோசைத் தட்டை டங்கென்று வைத்தான். அந்த அதிர்வில் கோழி கிளம்பி, துண்டுக்கு வெளியே வந்து, என் தோசையைக் கொத்த ஆரம்பித்துவிட்டது.

"இன்னா அண்ணாத்தே, கோயிக்குத் தனியா ஒண்ணு போடட்டா? சாம்பாரு ஊத்திக்குமா, சட்னி மட்டுமா?" என்றான் பரிமாறுகிறவன்.

பெஞ்சு முழுவதும் சிரித்தது. ஒருவர் காபி புரையேறி இருமினார். அய்யர் எழுந்து வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, என்ன இது?"

"பொம்மைங்க."

"பொம்மையானா என்ன? கோழி கோழிதானே. சைவ கிளப்பில தட்டுக்குப் பக்கத்தில கோழியை வைப்பாளோ? எடு, எடு."

என்னவோ எனக்கு அன்று ஆத்திரம் வந்துவிட்டது. பதில் சொன்னேன். சொன்னது இதுதான்: "இது கோயி இல்லீங்க. எங்க ஊட்டுக்காரி."

அவளுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல வந்தேன். யார் கேட்டார்கள்? சிரிப்பில் பெஞ்சு ஆடியது. "நல்லா மொறைக்குதே அண்ணாத்தே, மெய்யாலுமே ஊட்டுக்காரிதான்" என்றான் பரிமாறுகிறவன். காது சுட, ஆரம்பித்ததை முடித்துவிடலாம் என்று, "வெளிய வண்டில கீதுங்க. உள்ள வந்து ஒரு தோச துன்னுட்டுப் போவட்டும்" என்றேன்.

அய்யர் சிரிக்கவில்லை. "பொம்மனாட்டிகளை உள்ளே விட்டா மத்தவா எழுந்து போயிடுவா. நாலு பேர் வந்து போற இடம் இது."

"அதானே" என்றார் பக்கத்தில் இருந்தவர். அதுவரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் அவர்தான். என் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர், என் வண்டியில் எத்தனையோ முறை ஏறி வந்தவர்.

நான் கோழியை மடியில் செருகிக்கொண்டு, தட்டைத் தோசையோடு தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். இலையில் கட்டினால்தானே துவளும்? பரிமாறுகிறவன் பின்னாலேயே ஓடி வந்தான். "அண்ணாத்தே, தட்டு! தட்டு!" சந்தையே திரும்பிப் பார்த்தது.

அவளிடம் நீட்டி, "துன்னு, அப்பறம் பேசு" என்றேன். ஓரத்தைக் கிள்ளினாள். நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. வண்டியில் சம்மணம் போட்டுக்கொண்டு நிதானமாகத் தின்றாள்.

"யக்கா, சீக்கிரம். மொதலாளி கத்துறாரு."

"இரு நைனா. துன்ற எடத்துல அவசரப்படுத்தாதே."

கடைசித் துண்டில் சட்னியை வழித்துத் தின்றுவிட்டுத் தட்டைக் கொடுத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் கீது" என்றாள். "ஆனா வண்டில குந்திகினுதானே துன்னேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் மானம் போய், ஏச்சு வாங்கிக்கொண்டு தூக்கி வந்த தோசை. இத்தனை நாள் மொறுமொறு மொறுமொறு என்றது எதற்காம்? மாட்டை விரட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன். அடுத்த சந்தையன்று கிளப் வாசலில் என்னைப் பார்த்ததுமே அய்யர் கையை ஆட்டிவிட்டார். அந்த நெய் தோசை எனக்கும் இல்லை என்று ஆயிற்று.

இப்போது ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கிய பிறகு கிளப்புகள் முளைத்திருக்கின்றன. அதில் ஒன்றில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று துணித் திரை கட்டியிருக்கிறார்கள். அரிசிக்கு ரேஷன், தோசையில் பாதி என்ன மாவோ தெரியாது. இருந்தாலும் பார்த்ததும் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"திரைக்குப் பின்னாலயா?" என்றாள். "நானு இன்னா திருடிகினா துன்றேன்?"

"எல்லா பொம்பளைங்களும் அங்கதாம்மே குந்துறாங்க."

"அப்ப நீ பின்னால குந்து, நானு முன்னால குந்துறேன். ஆவுமான்னு அந்த மொதலாளியக் கேட்டுகினு வா."

போனேன். அவரும் பெட்டியடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு நாளும் அப்படியே. நாளைக்குச் சந்தை. விடியலில் வண்டி கட்டினால், ஆவடி தாண்டுவதற்குள் கேட்டியா என்பாள். இன்னும் கேட்கவில்லை.

விய வருடம், ஆடி மாதம் 12ஆம் தேதி.