வடிகட்டிக்குள் இரண்டு முட்டை

பல்லியைக் கண்டால் எல்லோரும் துடைப்பத்தைத் தேடுவார்கள். என் அக்கா வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியைத் தேடுவார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் குள்ளப் பல்லி வளர்ப்பு. அது முழுசாய் வளர்ந்தாலே சுண்டுவிரல் நீளம்தான். குஞ்சைக் கையால் தொட்டால் வால் கழன்றுவிடும். பெற்றதுகளோடு விட்டால் அதுகளே விழுங்கிவிடும். அதனால் குஞ்சுக்கு ஒரு டப்பா. டப்பாச் சுவரில் தெளித்த நீர்த்துளியை நக்கிக் குடிக்கும். தின்ன, கனிந்து அழுகிய வாழைப்பழத்தில் பெருகும் பொடி ஈ.

"விருந்தாளிக்கு இந்த வீட்ல வாழைப்பழம் கிடையாதுடி. ஈக்கு மட்டும்தான்" என்பாள் அக்கா. கடையில் கறுத்த பழமாகப் பார்த்துப் பொறுக்கி வருவதும் அவள்தான்.

போன வருடம் காய்ச்சலில் அக்கா இறந்துபோனாள். அத்தான் அழவில்லை. மறுவாரமே கடைக்குப் போனார், லென்ஸ் தேய்த்தார், வந்து ஈ போட்டார். சாப்பிட்டீங்களா என்றால் சாப்பிட்டேன், தூங்கினீங்களா என்றால் தூங்கினேன். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தக் கல்லோடா குடித்தனம் நடத்தினாள் என்றுகூட நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அழுகை வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. நான் வாய் ஓயாமல் பேசி அதை மறைத்துக்கொண்டேன்; அவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

அவள் துணிமணி இருந்த அலமாரியை யாராவது காலி செய்துதானே ஆகவேண்டும்? இரண்டு பெரிய பைகளோடு போனேன். அத்தான் அலமாரிக் கதவின் உள்பக்கத்தைக் காட்டினார். டப்பாவிலிருந்து தப்பித்த பெண் பல்லி ஒன்று அங்கே இரண்டு முட்டைகளை ஒட்டி வைத்திருந்தது. முட்டைகளின்மேல் அக்காவின் டீ வடிகட்டியைக் கவிழ்த்து, சுற்றிலும் டேப் போட்டிருந்தார்.

"எடுத்து டப்பாவுல வச்சுடுங்களேன்."

"வராதும்மா. ஒட்டினது ஒட்டினதுதான். பேத்தா உடைஞ்சிடும்."

"முட்டைக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் அத்தான்?"

"கதவு அதிரும். பொரிக்கட்டும், அப்புறம் எடுத்துக்கோ."

நியாயமாகத்தான் பட்டது. பைகளை மடித்துக்கொண்டு திரும்பினேன். அடுத்த மாதம் போய்க் கேட்டால் "இன்னும் இல்ல" என்றார். அதற்கடுத்த முறையும் அதே பதில்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கதவைத் திறந்துவிட்டுக் குளிக்கப் போனார். தண்ணீர் குடிக்கலாமென்று சமையலறைக்குப் போனேன். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால், ஒளித்து வைத்தாற்போல் இரண்டு புது டப்பாக்கள். டப்பாவுக்கு ஒன்றாக இரண்டு குஞ்சுகள். ஒன்று ஈயைக் குறிவைத்துத் தலையைத் திருப்பியது.

எனக்கு வந்ததே கோபம். நேராகப் போய் அலமாரியைத் திறந்தேன். வடிகட்டி அப்படியே இருந்தது. உள்ளே வெறும் ஓடுகள், இரண்டிலும் ஓட்டை. சுற்றியிருந்த டேப் மட்டும் புதிது. குஞ்சுகளை எடுத்துவிட்டு, வெறும் ஓட்டின்மேல் வடிகட்டியை மறுபடி ஒட்டியிருக்கிறார்.

கோபம் போன இடம் தெரியவில்லை. அக்காவின் ஸ்வெட்டரில் முகத்தை வைத்து அழுதேன். அவள் போனபின் அன்றுதான் முதல் தடவை.

தலையைத் துவட்டியபடி அத்தான் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். திறந்திருந்த கதவைப் பார்த்தார்.

"இன்னும் பொரிக்கலையா அத்தான்?"

"இல்லம்மா" என்றார், எப்போதும் போல அதே குரலில்.

"அவசரமில்ல. மெதுவா பொரிக்கட்டும்" என்றேன்.

அலமாரிக் கதவை அதிராமல் சாத்தினேன்.