ஒற்றைக் கம்பு டேரா

எங்கள் மாட்டுக் கொட்டகையில் ஒரு மரக்கம்பு சாய்ந்து நிற்கிறது. இரண்டு துண்டாகக் கழற்றலாம். நடுவில் ஓர் இரும்புக் குழாய் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். மாட்டை விற்று நெடுநாளாகிறது. கம்பு மட்டும் நிற்கிறது. என் வீட்டுக்காரி பெங்களூருக்கு வந்து தானே பார்த்து எடுத்த கித்தான் டேராவின் கம்பு அது.

எனக்குப் படிப்பு இல்லை. எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் சொந்தமாக மாட்டுவண்டி வைத்திருந்தேன். பேரிகைச் சந்தையில் புளியும் ராகியும் ஏற்றி ஓசூரில் இறக்குவேன். கோடை பிறந்தால் சில நாள் சரக்கு கிடையாது. பானை, பாய், மகள் எல்லாம் வண்டியில் ஏறும். தென்பெண்ணை ஆற்றங்கரைக்குப் போய் மணலில் சமைத்து, குளித்து, சும்மா கிடந்துவிட்டு வருவோம். சாமி கும்பிடப் போகவில்லை, சொந்தக்காரர் வீட்டுக்கும் போகவில்லை, பின்னே எதற்குப் போகிறார்கள் என்று ஊரில் சிரிப்பார்கள். அவளுக்கு அது வேண்டும். வருஷம் முழுக்க அதைச் சொல்லித்தான் களை எடுப்பாள். ராத்திரிக்கு வண்டிக்கு அடியில் படுப்போம். ஒரு வருஷம் மழை பிடித்துக்கொண்டது. மகள் நனைந்து காய்ச்சலில் விழுந்து எழுந்தாள். "இனிமே எம்புள்ளய வண்டிக்கு அடியில படுக்க வெக்க மாட்டேன். டேரா வாங்கு. இல்லனா ஆத்துக்கே வரல" என்றாள்.

பெங்களூரில் பட்டாளத்தார் கழித்த சாமான் விற்கும் கடை. கடைக்காரர் தமிழ் பேசும் பாய். கொல்லையில் இரண்டு டேரா அடித்துக் காட்டினார். ஒன்று வீட்டுக் கூரை போல, இரண்டு கம்பு, இரண்டு பக்கமும் திறப்பு. இன்னொன்று நடுவில் ஒற்றைக் கம்பு, சுற்றிலும் வட்டமாக, கவிழ்த்த மணி போல. எனக்கு முதலாவதுதான் பிடித்தது. அவள் இரண்டிலும் உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தாள். வெளியே வந்து ஒற்றைக் கம்பு என்றாள்.

"காத்து வராது புள்ள. கம்பு ஒடிஞ்சா மொத்தமும் தலமேல."

"அதுல வரிசையாப் படுக்கணும். இதுல கம்புக்குக் கால நீட்டி சுத்திப் படுத்தா, தலயத் தூக்குனா எல்லார் மூஞ்சியும் தெரியும்."

பாய் சிரித்தார். "பட்டாளத்துல இதுல ஒரு கூட்டமே படுத்துச்சு தங்கச்சி. நீங்க எத்தினி பேரு?"

"மூணு பேரு. இன்னிக்கு."

பாய் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்களுக்கு நெறய வேல இருக்குது."

வீட்டுக்குப் பின்னால் தரிசில் அடித்துப் பார்த்தோம். மூவரும் கம்புக்குக் காலை நீட்டிப் படுத்தோம். நாம வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கோம் என்று மகள் கத்தினாள். "மூணு ஆரக்கால்ல வண்டி ஓடுமாடி?" என்றாள் அவள். அன்று சிரித்ததுதான். அப்புறம் அந்த டேராவில் யாரும் சிரிக்கவில்லை.

ஆற்றுக்குப் போகும் முன்பே ஊருக்குள் அம்மை வந்தது. எங்கள் தெருவில் முதலில் மகளுக்கு. பெரியவர்கள் வாசலுக்கு எட்டவே நின்றார்கள். "ஊருக்குள்ள வேணாம்ப்பா. உங்கிட்டதான் டேரா இருக்குதே" என்றார்கள். வயதானவர்கள், கைகூப்பிக் கேட்டார்கள். ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் அடித்தேன். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டுப் போயிருந்தது, முகத்தில் தழும்பு உண்டு. வீட்டுக்காரிக்குப் போட்டதில்லை. நீ வெளியே இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "எம்மூஞ்சி தெரியாம அவ எப்படிப் படுப்பா?" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

சித்திரை வெயில். கித்தான் கொதித்தது. சுற்றிலும் அடியைத் தூக்கிக் கட்டினேன். அனல்தான் உள்ளே வந்தது. கம்பில் வேப்பிலை செருகினோம். அம்மை கண்ட இடத்தில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது; அம்மனைத் திரும்பக் கூப்பிட்டதாகிவிடும். மகளோ நான் அதைச் சொல்லாமல் ஒருநாளும் என் வண்டியை விட்டதில்லை. நான் தண்ணீருக்குக் குடத்தை எடுத்தேன். "சொல்லுப்பா" என்றாள். அவள் அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் சொல்லாமல் போனேன். தண்ணீரோடு திரும்பியபோது மகளின் நிலைகுத்திய கண்களை அவள் அம்மா மூடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் அவளுக்கும் போட்டது. அவளுக்குக் கண்ணை மூட நான் இருந்தேன்.

கித்தானையும் பாயையும் ஊரார் எரித்தார்கள். கம்பை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை யாரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் பக்கம் எல்லாம் கம்பெனி. புளியந்தோப்பு இருந்த இடத்தில் லாரி நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கம்பெனியில் வேலை. லீவுக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு காட்டோரம் தங்கப் போகிறானாம். டேரா படம் காட்டினான். "பெரியப்பா, ஒத்தக் கம்பு வாங்கட்டுமா, ரெட்டக் கம்பா? உங்ககிட்ட முன்ன ஒண்ணு இருந்துச்சாமே."

"எது வாங்குனாலும் ஒண்ணுதான்" என்றேன்.

அவன் மோட்டார் வண்டியை உதைத்துக் கிளப்பினான். "போயிட்டு வரேன் பெரியப்பா."

கொட்டகையில் பாயை விரித்தேன். கம்பின் பக்கம் காலை நீட்டினேன். தலையைத் தூக்கினால் எதிரே சுவர்.